விரிசலின் குறுக்கே

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் எழுதிய கடிதத்துக்கே உன் பதில் வரவில்லை. அதற்குள் இன்னொன்றா என்று தலையில் அடித்துக்கொள்வாய். மன்னித்துவிடு. பெட்டிப் பட்டறையில் நாளெல்லாம் அட்டை மடித்துவிட்டு வருகிறவளுக்கு என் புலம்பலையும் படிக்கக் கொடுப்பது நியாயமில்லைதான். ஆனால் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்? நீயும் அத்தானும் சுகம்தானே? உங்கள் குட்டி வாலுவுக்கு இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துப்போய்விட்டது, நாக்குதான் இன்னும் சண்டை போடுகிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் சிறிய அலுவலகம். பொறியாளர் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்துக் குறிப்பு எடுத்து வருவார். அதை ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதித் தட்டச்சு செய்வது என் வேலை. நம் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அந்த இலக்கியப் பட்டம் கடைசியில் விரிசல்களை வர்ணிக்கத்தான் பயன்படுகிறது.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். இனி நடக்கப் போவதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வழி இருக்கிறது. நம் மனசு நம்புவதைச் சொன்னால் 'வில்'. கண்ணெதிரே அறிகுறியைப் பார்த்துவிட்டுச் சொன்னால் 'கோயிங் டு'. அடுத்த வருஷம் நன்றாக இருக்கும் என்றால் அது முதல் வகை. வானம் கறுத்துவிட்டது, மழை வரப்போகிறது என்றால் இரண்டாவது. நம்மிடமும் இருக்கிறதே, 'விழும்' என்பதும் 'விழப்போகிறது' என்பதும். நாம் யோசிக்காமல் பேசிவிடுகிறோம். நான் அங்கே பேனாவைக் கடித்துக்கொண்டு, இந்தச் சுவருக்கு எது என்று தவிக்கிறேன். அறிகுறி இருக்கிறது, ஆனால் எவ்வளவு அறிகுறி போதும்?

பொறியாளர் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் வேணாம்மா. 'மே'ன்னு போடு. விழலாம். விழாமலும் இருக்கலாம்." எல்லா அறிக்கையிலும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். காவலாளி முதற்கொண்டு எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'மே சார்' என்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குத்தான் என் வாயைத் தெரியுமே.

வாலுவின் இரண்டு கன்னத்திலும் எனக்காக ஒரு கிள்ளு. அத்தானுக்கு வணக்கம். நேரம் கிடைத்தால் நாலு வரி போடு.

உன் தங்கை


ஜனவரி 29

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு அக்கா எழுதுவது,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நாங்கள் நலம். வாலுவின் இருமல் போய்விட்டது, அதற்குப் பதில் வாய் வந்துவிட்டது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ எழுதாவிட்டால்தான் முதுகில் அடி விழும். விழப்போகிறது. பார், எனக்கும் வந்துவிட்டது.

உன் சார் கதையைப் பட்டறையில் சொன்னேன். என் பக்கத்தில் உட்காரும் பசைக்காரி, "ஏன்க்கா, ஆட்டுக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்களா? மே மேன்னுதான் கத்தும்" என்றாள். அன்று முழுக்கப் பட்டறையில் எவளைக் கூப்பிட்டாலும் 'மே' என்றுதான் பதில் வந்தது. மேஸ்திரி கோபப்பட்டார்.

அத்தான் சாலை போடும் கம்பெனியோடு தூரத்துக்குப் போயிருக்கிறார். மூன்று மாத வேலையாம். வந்துவிடுவார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

வீட்டில் ஒரே சத்தம். பக்கத்து மனையில் புதிதாக ஏதோ கட்டப்போகிறார்களாம், எங்கள் சுவரை ஒட்டிப் பெரிய பள்ளம் தோண்டுகிறார்கள். காலையில் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் அலமாரியில் டம்ளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. மூன்றாவது மாடிக்கே இந்தக் கதி. படுக்கையறைக் கதவு வேறு மூடமாட்டேன் என்கிறது, தூக்கிப் பிடித்து இடுப்பால் தள்ள வேண்டும். மரம் ஈரத்தில் உப்பியிருக்கும். வாலுவுக்குத்தான் கொண்டாட்டம். கோலிக்குண்டைக் கூடத்தின் நடுவில் வைத்தால் அது தானாக உருண்டு ஜன்னல் மூலைக்குப் போகிறது. "அம்மா, வீடு என்னோட விளையாடுது!" என்று ஒரே கூத்து.

வேலையில் யாராவது ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல். உடம்பைக் கவனி.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டறையில் என் கதையை வைத்துச் சிரித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு கோலிக்குண்டு வந்தது. அந்த வரியைப் படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை. விடுதி நடையில் மேலும் கீழும் நடந்ததைப் பார்த்து அறைத்தோழி பல்வலியா என்று கேட்டாள்.

நான் கேட்பதற்கு ஒன்றொன்றாகப் பதில் எழுது. கோலி போய் நிற்கிற ஜன்னல் மூலை, பள்ளம் தோண்டுகிற பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கே சுவரில் விரிசல் உண்டா? நேராக இறங்குகிறதா, சாய்வாகவா? நகம் நுழைகிறதா? கதவு திடீரென்று ஒருநாள் மாட்டிக்கொண்டதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஒரு மாத வேலையில் காதில் விழுந்ததுதான். ஆனால் சார் ஒரு காரியம் செய்வார், அதை நீயும் செய்யலாம். விரிசலின் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பி, பக்கத்தில் தேதி எழுதிவிடுவார். விரிசல் பழையது, அசையாதது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் நகர்ந்துகொண்டிருந்தால் உடையும். கண்ணாடி வளையாது அக்கா, அதனால்தான் கண்ணாடி. சுவர் நம்மிடம் பொய் சொல்லலாம், அதைப் பூசி மறைக்கலாம். கண்ணாடியைப் பூச முடியாது.

தயவுசெய்து ஒட்டிப் பார். எனக்காக.

இன்னொரு விஷயம். உறையின் மேல் முகவரி உன் கையெழுத்தில் இருந்தது. ஆங்கிலம் என்றால் அத்தான்தான் எழுதுவார் என்று விட்டுவிடுவாயே. எழுத்துகள் அழகாக இருக்கின்றன. அத்தான் எப்போது போனார்?

வாலுவை அந்த மூலையில் விளையாட விடாதே. இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் தங்கை


மார்ச் 2

ஊமைக்கோட்டானுக்கு,

நலம், நலமே எதிர்பார்க்கிறேன். உன் அறைத்தோழிக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்குப் பல்வலி இல்லை, அக்காவலி என்று சொல்.

விரிசல் இருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து கூரையைப் பார்த்துச் சாய்வாக ஏறுகிறது. நகம் நுழையும். வீட்டு ஓனர் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் தோலுக்கு வர்ற சுருக்கம் மாதிரிம்மா, உள்ளே எலும்பு கல்லு" என்று சொல்லிப் பூசிவிட்டுப் போனார். பூச்சு காய்வதற்குள் கோடு மறுபடி எட்டிப் பார்த்துவிட்டது.

நீ சொன்னபடி கண்ணாடிக் கடைக்குப் போனேன். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. விரல் நீளத்துக்கு, விரல் அகலத்துக்கு வேண்டும் என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எறும்புக்கா படம் மாட்டப் போறீங்க?" என்றார். ஆமாம், அதற்குக் கல்யாணம் என்றேன். சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

ஸ்டூல் போட்டு ஏறி நானே ஒட்டினேன். வாலு கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எனக்கு உத்தரவு போட்டாள். இதோ இதை எழுதும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், கண்ணாடி உடையவில்லை. போதுமா? இனி நடையில் நடக்காதே, உள்ளங்கால் தேய்ந்துவிடும்.

அத்தான் வந்துவிடுவார். வேலை கொஞ்சம் நீளுகிறதாம்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். எறும்பு கல்யாணத்தை அறைத்தோழிக்குப் படித்துக் காட்டினேன், அவளும் உன்னை விசாரிக்கிறாள். நீயும் வாலுவும் சுகமாக இருப்பீர்கள் என்று இப்போது நம்பி எழுதுகிறேன். உடையவில்லை என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

இங்கே ஒன்று நடந்தது. ஒரு தங்கும் விடுதியின் பின்படிக்கட்டைப் பற்றிய குறிப்பு வந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. துணிந்து 'கோயிங் டு' போட்டுத் தட்டச்சு செய்தேன். சார் அதை அடித்து 'மே' எழுதினார். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரிய மனிதரிடம் "ஏன் சார்?" என்று கேட்டுவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"உக்காரும்மா" என்றார். அவர் வேலைக்கு வந்த புதிதில், ஒரு கட்டடம் அந்த வருஷ மழைக்கு விழும் என்று உறுதியாக எழுதினாராம். குடியிருந்தவர்கள் எல்லோரும் அடித்துப் பிடித்துக் காலி செய்தார்கள். கீழே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் பிழைப்பையே விட்டுவிட்டுப் போனார். கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது.

"அந்தக் கடைக்காரரு இப்பவும் என்னை எங்க பாத்தாலும் நிறுத்திச் சொல்லுவாரு, 'கட்டடம் நல்லாயிருக்கு சார்'னு. நான் சொன்னது நடந்திருந்தாத்தான் நான் யோக்கியன். அதுக்காக நடக்கணும்னு வேண்டிக்க முடியுமாம்மா?"

படிக்கட்டுக்கு 'மே' என்றே போய்விட்டது. ஆனால் அவரைப் பார்த்து இனி ஆடு என்று சிரிக்க முடியாது போலிருக்கிறது. பசைக்காரியிடம் சொல்லிவிடு.

அத்தான் வேலை செய்யும் ஊர் எது? கடிதம் போடுகிறாரா? கதவு இப்போது எப்படி இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடியையும்.

உன் தங்கை


ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. பட்டறையில் ஏற்றுமதிக்கு அவசர வேலை. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ இளைத்துப் போயிருப்பாய், எழுத்தே மெலிந்திருக்கிறது.

கண்ணாடி அப்படியே இருக்கிறது. இன்று காலையில்கூடப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. கதவைக் கழற்றி மொட்டைமாடியில் சாத்தி வைத்துவிட்டேன். வாசல் கதவும் அதே வம்பு செய்தது, அதையும் பசைக்காரியின் தம்பி வந்து கழற்றிக் கொடுத்தான். இப்போது ஒரு கெட்டித் துணிதான் கதவு. காற்று நன்றாக வருகிறது.

கீழ்வீட்டுக் குடும்பம் காலி செய்துவிட்டது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தூரமாம். அவர்கள் போனபிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தமே இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே வெட்ட ஆரம்பித்துவிடுகிறார். அளவுகூடக் கேட்பதில்லை. "எறும்பு வீட்டுல சம்பந்தி வரைக்கும் படம் மாட்டியாச்சு போலயே!" என்கிறார். நல்ல மனிதர்.

வாலு உன்னைக் கேட்கிறாள். நீ எப்படி இருப்பாய் என்று மறந்துவிட்டதாம். படம் இருந்தால் ஒன்று அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

உடையாத கண்ணாடிக்கு எதற்கு இத்தனை கண்ணாடி?

முதல்முறை படித்தபோது கடைக்காரரின் பேச்சுக்குச் சிரித்துவிட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனவள், வாயில் நுரையோடு திரும்ப ஓடிவந்து பிரித்தேன். ஒரு துண்டு போதுமே. அதுவும் ஒட்டியாகிவிட்டதே. உன்னைப் பார்த்ததுமே வெட்டுகிற அளவுக்கு அந்த மனிதருக்கு ஏன் பழகிப்போனது?

எத்தனை உடைந்தன? கடைசியாக உடைந்தது, ஒட்டி எவ்வளவு நாளில்? முன்பைவிடச் சீக்கிரமாகவா? மறைக்காமல் எழுது. நான் உன்னைத் திட்ட மாட்டேன். திட்டத்தான் எனக்கு வராதே.

வாசல் கதவே மாட்டிக்கொண்டது என்றால் அது மரத்தின் ஈரம் இல்லை அக்கா. கதவு உப்பவில்லை. வீடு சாய்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அத்தானின் பெயரே இல்லை. நான் கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை. வாசலில் துணி தொங்குகிற வீட்டில் நீயும் குழந்தையும் தனியாக இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா?

நீயும் வாலுவும் நலமா? இதை இப்போது உண்மையாகவே கேட்கிறேன். உடனே எழுது.

உன் தங்கை


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. தெருமுனை மருந்துக்கடையின் எண் உன் பழைய கடிதம் ஒன்றில் இருந்தது. அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டேன். "அந்தக்காதானே? நல்லாத்தான் இருக்காங்க. காலையிலகூடப் பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டுப் போனாங்க. கூப்பிட்டு விடவா?" என்றார். அவர் போய்விட்டு வந்து, நீ கைவேலையாக இருக்கிறாய், கடிதம் போடுவதாகச் சொன்னாய் என்றார். அக்கா, உனக்குக் கைவேலை இருந்தால் வாய்வேலை இருக்காதா? என்னோடு பேச உனக்குப் பயமா?

நேற்று அந்தத் தங்கும் விடுதியின் பின்படிக்கட்டு இடிந்து இறங்கிவிட்டது. எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த நேரம், யாருக்கும் அடி இல்லை. செய்தி வந்ததும் சார் எங்கள் அறிக்கையின் நகலை எடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டார். அன்று முழுக்க யாரையும் கூப்பிடவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என் மேசையருகே நின்று, "நீ சரியாத்தான் எழுதியிருந்த" என்றார். அதைக் கேட்டால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுத்த தபாலில் உன் பதில் இல்லையென்றால் புறப்பட்டு வந்துவிடுவேன். வேலை போனாலும் போகட்டும்.

சாப்பிட்டாயா? குழந்தை தூங்குகிறாளா?

உன் தங்கை


மே 16

தங்கச்சி,

வேலையை விடாதே. அதற்காகவே இதை எழுதுகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கண்டுபிடித்துவிட்டாய். முதல் கண்ணாடி ஒட்டிய வாரமே உடைந்தது. வாலுவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன், டிக் என்று ஒரு சத்தம். சிமெண்ட் சரியாகக் காயவில்லை என்று நினைத்து இன்னொன்று ஒட்டினேன். அதுவும் போயிற்று. அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புதிதாக ஒட்டிய கையோடு உட்கார்ந்து உனக்கு எழுதிவிடுவேன். எழுதும்போது உடைந்திருக்காது. பொய் எழுதவில்லை பார். இப்போது ஒட்டி, இறங்கி, ஸ்டூலை எடுத்து வைப்பதற்குள் உடைகிறது.

உடைந்தது என்று எழுதினால் வெளியே வா என்பாய். எப்படி வருவேன்? அவர் வந்தால் இந்த வீட்டைத் தேடித்தானே வருவார்? பிப்ரவரிக்குப் பிறகு ஒரு வரி இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்று பதில் போட்டார்கள். ஆனால் வருவார். வாலுவை நினைத்தாவது வருவார். அறிகுறி இல்லாவிட்டாலும் மனசு நம்பினால் சொல்வதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, எனக்கு அது போதும். அவர் வந்து நிற்கும்போது நாங்கள் இல்லையென்றால், நான்தான் போய்விட்டேன் என்று ஆகிவிடாதா?

இடத்தை மாற்றுவது என்றாலும், உன்மேல் வந்து விழ மாட்டேன். நீ இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறாய். பெரிய மனிதரிடம் ஏன் என்று கேட்கிறாய். எனக்கு அது போதும்.

நேற்று வாலு கோலிக்குண்டை விரிசலுக்குள் போட்டுவிட்டாள். உள்ளே உருண்டு உருண்டு போய் வெளியே பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் கை தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பயப்படாதே. உடம்பைக் கவனி.

அக்கா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கு முன்பே தந்தி வந்திருக்கும். அது கிடைத்த உடனே நீயும் வாலுவும் கட்டிய துணியோடு வெளியேறிப் பசைக்காரி வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று நம்பி, இதை அவள் பெயருக்குப் பட்டறை முகவரியில் அனுப்புகிறேன். பசைக்காரிக்கும் அவள் தம்பிக்கும் நான் எப்படி நன்றி சொல்வது? நீ நலமா என்று கேட்பதற்கே இன்று பயமாக இருக்கிறது.

தந்தியின் கதையைக் கேள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே சாரின் அறைக்குப் போனேன், கதவைத் தட்டக்கூட இல்லை. கோலிக்குண்டு வரியை மட்டும் படித்தேன். நிமிர்ந்தால் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"யார் வீடும்மா?"

"எங்க அக்கா வீடு சார்."

"சுவரு ரெண்டா பிரிஞ்சு நிக்குது. இதை எத்தனை நாளா மனசுல வச்சிருந்த?"

"பிப்ரவரியிலேருந்து."

"இந்த அறைக்கும் உன் மேசைக்கும் நடுவுல என்ன கடலா இருக்கு? வாயைத் திறக்கறதுக்கென்ன?"

அக்கா, நான் உன்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டேனே தவிர, பத்தடியில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூச்சம். வீட்டு விஷயத்தை ஆபீசில் பேசுவதா என்ற கூச்சம்.

தந்திப் படிவத்தை எடுத்து எழுதினேன். இத்தனை மாதப் பழக்கம், கை தானாக 'மே' என்று போட்டது. சார் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அதை அடித்தார். வேறு எதைப் போடப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். 'வில்'லும் போடவில்லை, 'கோயிங் டு'வும் போடவில்லை. இன்றே வீட்டை விட்டு வெளியேறு என்று மட்டும் எழுதினார். "இதுக்கு எதிர்காலமே வேணாம்மா" என்றார். பிறகு தன் பெயரையும் அடியில் போட்டார். பொறுப்பு அவருடையதாம். உங்கள் ஊர் நகராட்சிக்கும் அவரே ஒரு தந்தி கொடுத்தார். உன்னைப் பசைக்காரி வீட்டுக்குப் போகச் சொல்லவும், மற்ற வீட்டுக்காரர்களையும் எழுப்பிவிடவும் சொல்லி மருந்துக்கடைக்குத் தொலைபேசி செய்தோம்.

எனக்கு ஒரு வாரம் விடுப்பு. வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். சாமான் எடுக்க நீ அந்த மாடிக்கு ஏறக் கூடாது. நானும் ஏற மாட்டேன். டம்ளர்கள் பேசிக்கொண்டே கிடக்கட்டும்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருவார் என்று நீ எழுதியதைத் திருத்த எனக்கு அருகதை இல்லை. எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வந்தால் மருந்துக்கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். கடைக்காரரிடம் நம் முகவரியைக் கொடுத்துவிட்டு வரலாம். தேடி வருகிறவர் இன்னும் கொஞ்ச தூரம் தேடட்டும். நீ போய்விட்டாய் என்று அதற்கு யாரும் பெயர் வைக்க மாட்டார்கள்.

ரயிலில் வரப்போகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். உன் எதிரே நின்றால் எனக்கு வாய் வராது. நீ ஏதாவது கிண்டல் செய்வாய், நான் சிரிப்பேன், அப்படியே திரும்பிவிடுவேன். அதனால் எனக்கு முன்னால் இது வந்து சேரட்டும்.

என்மேல் வந்து விழ மாட்டேன் என்று எழுதியிருந்தாய். நான் நிமிர்ந்து நிற்பதாகவும் எழுதியிருந்தாய். அக்கா, அறைத்தோழி போன மாதமே கல்யாணமாகிப் போய்விட்டாள். உன்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடுகிறது. திங்கட்கிழமை சாருக்கு வணக்கம் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறது, ஒற்றைப் பெண்ணுக்குத் தர மாட்டார்களாம். பெட்டி மடிக்கிற பட்டறை இங்கேயும் உண்டு, விசாரித்துவிட்டேன். ஜனவரியில் உனக்கு எழுத உட்கார்ந்ததே இதை உங்கள் மூவரையும் கேட்கத்தான். 'வில்', 'கோயிங் டு' என்று வேறு எதையோ எழுதி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித்தான்.

சுவருக்காக இல்லை, குழந்தைக்காகக்கூட இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, போயிட்டு வரேன் என்று சொல்ல எனக்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். வந்து என்னோடு இரு, அக்கா.